மருந்து கெட்டிக்கும் ஊரில் ஒரு நாள்

டில்ஸ்பரோவைத் தாண்டி 62ஆம் எண் சாலையில் திரும்பியதும் இருபுறமும் மக்காச்சோளக் காடு. கார்க் கண்ணாடியை இறக்கினேன். ஊர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. தீபாவளி மறுநாள் விடியலில் தெருவில் நிற்குமே, கந்தகமும் கரியும் கலந்த அந்த வாசனைதான். கூடவே ஓடைப் பக்கமிருந்து ‘டும்... டும்...’ என்று அடக்கமான சத்தம். இன்றைய துப்பாக்கியின் காதைக் கிழிக்கும் ஓசை அது இல்லை. எங்கள் ஊர் அம்மன் கொடையில் இரும்புக் குழாயில் கெட்டித்துப் போடும் அதிர்வேட்டைத் தள்ளி நின்று கேட்டதுபோல் இருந்தது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், லாகரி ஓடைக் கரையில் இருக்கிறது பிரெண்ட்ஷிப். சின்சினாட்டியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஒரு சில தெருக்களே உள்ள சிற்றூர். 1933இல் தொடங்கப்பட்ட தேசிய மஸ்ஸில் லோடிங் ரைபிள் சங்கத்துக்கு இதுதான் தலைமையிடம். ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் செப்டம்பரிலும், குழல் வாய் வழியே மருந்து போட்டுக் கெட்டிக்கும் பழைய முறைத் துப்பாக்கிக்காரர்கள் நாடெங்கிலுமிருந்து இங்கே கூடுகிறார்கள். நான் போனது செப்டம்பர்க் கூடுகை.

என் அலுவலகத்தில் மூத்தவரான அண்ணாச்சிக்கு நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊர். ஐந்தாறு வருடமாக இந்த விளையாட்டில் இருக்கிறார். நான் புதியவன். முதல் துப்பாக்கி வாங்க வேண்டும் என்று ஒரு குளிர்காலம் முழுக்கப் படம் பார்த்துப் பார்த்து மனத்துக்குள் ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தேன். சிக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் நீண்ட பென்சில்வேனியா ரைபிள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் பென்சில்வேனியாவில் குடியேறி, தங்கள் நாட்டுக் குட்டை ரைபிளை நீட்டி மெலிதாக்கிச் செய்தது. அலையலையாக வரி ஓடும் மேப்பிள் கட்டை, பித்தளைப் பூண், தேர்ச் சிற்பம் மாதிரி வேலைப்பாடு. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

“ஆசைப்படுங்க தம்பி, தப்பில்ல. ஆனா இன்னைக்குப் பூரா பாத்துட்டு, சாயங்காலம் வாங்கிக்கிடலாம். காலையில பர்ஸைத் தொறக்காதீங்க,” என்றார் அண்ணாச்சி. அன்று நான் பெற்ற முதல் நல்ல யோசனை அது.

மைதானத்துக்குள் ஒரு பக்கம் சுடும் வரிசை. இன்னொரு பக்கம் கூடாரமடித்து, மான்தோல் உடையும் கம்பளித் தொப்பியுமாகப் பழங்காலத்து வாழ்க்கையை வாழ்ந்து பார்ப்பவர்கள். நடுவே கடைத்தெரு. குழல், கட்டை, குதிரை, விசை என்று ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியாக விற்பனைக்கு. முதல் கடையிலேயே வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் என் கண் போகும் திசையைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “எதைச் சுடப்போகிறீர்கள்?” அட்டை இலக்கா, மானா, அணிலா, இல்லை பழங்கால உடை போட்டு அணிவகுப்பா? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. துப்பாக்கி எப்படி இருக்க வேண்டும் என்றுதான் யோசித்திருந்தேனே தவிர, அதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று யோசித்திருக்கவில்லை. முதல் துப்பாக்கி வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்று அவர் சொன்னார். ஐம்பது கஜத்தில் அட்டை இலக்கைச் சுட வேண்டும், எப்போதாவது டிசம்பரில் இங்கே திறக்கும் மஸ்ஸில் லோடர் மான் வேட்டைப் பருவத்துக்குப் போகலாம் என்று யோசித்துச் சொன்னேன். “அப்படியானால் பாதிக் கடையை நீங்கள் பார்க்கவே வேண்டாம்,” என்றார்.

முதலில் நெருப்புச் சமாசாரம். நான் ஆசைப்பட்டு வந்த சிக்கிமுக்கித் துப்பாக்கியை அவரே எடுத்துக் காட்டினார். சுத்திபோல் அடிக்கும் குதிரையின் வாயில், தோலில் பொதிந்த கல் துண்டு. விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து எதிரே நிற்கும் எஃகுத் தகட்டைச் சீவுகிறது. நெருப்பாகத் தெறிப்பது கல் இல்லை, கல் சீவியெடுத்த எஃகுத் துணுக்குகள். அவை கீழே கிண்ணியிலுள்ள பொடி மருந்தில் விழுந்து, அது பற்றி, அந்தச் சுடர் குழலின் பக்கத் துளை வழியாக உள்ளே போய்ப் பிரதான மருந்தைப் பற்ற வைக்க வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் ‘டும்’. கல் மழுங்கியிருந்தால், தகட்டில் எண்ணெய் பட்டிருந்தால், காற்றில் ஈரம் ஏறியிருந்தால், துளையில் புகைக்கரி அடைத்திருந்தால் கிண்ணி மட்டும் குப்பென்று எரிந்து அடங்கிவிடும். சரியாக நடந்தாலும் கன்னத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சுடர் எழும். புதியவர் கண்ணை மூடாமல் இருக்க முடியாது. கண்ணை மூடினால் கை அசையும், கை அசைந்தால் குண்டு எங்கேயோ போகும்.

கேப் வைத்துச் சுடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏற்பாடு. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் கேப் போன்றதுதான், சின்ன உலோகக் கிண்ண வடிவில். பெரும்பாலான ரைபிள்களுக்கு 11ஆம் எண். குழலின் பின்பக்கத்தில் உள்ள முனையில் மாட்ட வேண்டியது, குதிரை வந்து அடிக்க வேண்டியது, வேலை முடிந்தது. மழைத் தூறலிலும் ஓரளவு நம்பலாம். கற்றுக்கொள்ள வேண்டியவை ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. மருந்து அளப்பது, குண்டு இறக்குவது, குறி பார்ப்பது, மூச்சை அடக்குவது. இவற்றோடு கல்லைக் கூர்தீட்டும் கலையையும் முதல் நாளே தலையில் ஏற்றிக்கொள்வானேன் என்பது தாடிக்காரர் கருத்து.

அண்ணாச்சி இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சுடுவது சிக்கிமுக்கி. கொரோனாக் காலத்தில் கேப் கிடைக்காமல் பலர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்களாம். “எனக்கு ஒரு பை கல்லு இருந்துச்சு. நான் பாட்டுக்குச் சுட்டுக்கிட்டிருந்தேன்,” என்றார். இங்கிலாந்தில் சபோக்கிலுள்ள பிராண்டன் ஊர்க் கருநிறச் சிக்கிமுக்கிக் கல் சில்லு அவர் பையில் இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கிக் கல் செதுக்கிய ஊர் அது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்றுபட்டார்கள். மலிவான சிக்கிமுக்கித் துப்பாக்கியை மட்டும் வாங்கக் கூடாது. நல்ல எஃகும் நல்ல வில்லும் இல்லாத பொறியில் பத்துக்கு நான்கு முறை தீப்பொறி விழாது. புதியவர் தன்மேல்தான் குற்றம் என்று நினைத்து விளையாட்டையே விட்டுவிடுவார்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. கேப்பின் சுடர் பின்னாலிருந்து நேராகப் பாயும்படி அமைத்த நவீன இன்லைன். 1985இல் டோனி நைட் கொண்டுவந்த எம்.கே-85க்குப் பிறகு அமெரிக்க வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மான் பருவத்தில் கூடுதலாகச் சில நாள் கிடைத்தால் போதும் என்கிறவருக்கு அது நேர்மையான தேர்வு. கழற்றிச் சுத்தம் செய்வதும் எளிது. எனக்கு வேண்டியிருந்தது பழைய முறை. அதனால் அங்கே நிற்காமல் நடந்தேன்.

அடுத்த கடையில் கற்றுக்கொண்டதுதான் இந்த நாளின் பெரிய பாடம். ரைபிள் என்றாலே குழலுக்குள் மரை ஓடும். திருகாணி மரை மாதிரி, ஆனால் மிக நீளமான முறுக்கு. அந்த முறுக்கு எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதைப் பொறுத்துத்தான் அந்தத் துப்பாக்கி எந்தக் குண்டைச் சாப்பிடும் என்பது தீர்மானமாகிறது. துணியில் பொதிந்த உருண்டை ஈயக் குண்டுக்கு மெதுவான முறுக்கு வேண்டும். 60 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளக் குண்டுக்கு வேகமான முறுக்கு, 28, 32 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வேகமான முறுக்கில் உருண்டைக் குண்டைப் போட்டு மருந்தைக் கூட்டினால், குண்டு மரையைப் பற்றிச் சுழலாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறும். 48 அங்குல முறுக்கு இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம். 1970இல் தாம்ஸன் சென்டர் கம்பெனி வெளியிட்ட ஹாக்கன் ரைபிள் அந்த முறுக்கில்தான் வந்தது. ஒரு தலைமுறை அமெரிக்கர்கள் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டது அதில். குறை சொல்வதற்கில்லை. ஆனால் ‘நான் உருண்டைக் குண்டுதான் சுடுவேன்’ என்று தெளிவாக இருப்பவர் மெதுவான முறுக்கைத் தேடுவதே சரி. விலைச் சீட்டில் கட்டையின் மரவகையைப் பெரிதாக எழுதுகிறார்கள். முறுக்கைப் பலர் எழுதுவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழலின் வாய் அளவில் எனக்குக் குழப்பமே வரவில்லை. 32, 36 காலிபர் அணிலுக்கும் முயலுக்கும். 45 இலக்குச் சுடுவதற்கு இனிமையானது, உதைப்பு குறைவு. 54 பெரிய விலங்குக்கு. 50 என்பது அரை அங்குலம். இலக்குக்கும் ஆகும், மானுக்கும் ஆகும். எல்லாவற்றையும்விட, எந்தக் கடைக்குப் போனாலும் அதற்கான குண்டு கிடைக்கும். 0.490 அங்குல உருண்டை, எடை சுமார் பதினொன்றரை கிராம்.

மதியம் ஒரு நீளமான பென்சில்வேனியா ரைபிளைக் கையில் கொடுத்தார்கள். 42 அங்குலக் குழல். மொத்தம் நான்கே முக்கால் அடிக்கு மேல். என் உயரம் ஐந்தடி நான்கு. அதைத் தரையில் ஊன்றி மருந்து கெட்டிப்பதுபோல் நின்றபோது குழல் வாய் நேராக என் தாடைக்குக் கீழே வந்தது. சட்டென்று பின்வாங்கினேன். குழலைச் சாய்த்துப் பிடித்துக் கெட்டிக்கலாம், பழகிவிடும் என்றார்கள். பழகியவருக்குச் சரி. மருந்துள்ள குழலின் வாய்க்கு மேலே தலையை நீட்டக் கூடாது என்ற விதியை இன்னும் உடம்பு கற்றுக்கொள்ளாத ஒருவன், அந்த விதியை மீறுவதற்கு வசதியான துப்பாக்கியை வாங்கலாமா? என் ஆசை கரைந்தது அந்த நொடியில்தான்.

தோளில் வைத்துப் பார்ப்பதும் முக்கியம். ஹாக்கன் பாணித் துப்பாக்கியின் அடித்தகடு பிறைபோல் வளைந்திருக்கும். நான் அதைத் தோள் குழியில் வைத்தேன். பிறையின் இரண்டு கூர் முனையும் எலும்பில் குத்தின. அண்ணாச்சி அதை நகர்த்தி மேற்கையின் தொடக்கத்தில் அணைத்து வைத்தார். அப்படியே பொருந்திக்கொண்டது. செயிண்ட் லூயிஸில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் மலைநாட்டு வேட்டைக்காரர்களுக்காகச் செய்த கனமான குட்டை ரைபிள்களின் வடிவம் அது. ஜேக்கப் 1849இல் காலராவில் இறந்த பின்னும் தம்பி அந்தத் தொழிலை நடத்தினார். இடக்கைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொறி வலப்பக்கம் இருந்தால் தீப்பொறி அவர்கள் முகத்துக்கு நேரே வரும். இடப்பக்கப் பொறி உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது.

பழைய துப்பாக்கி விற்கும் மேசைகளில் மாலை வரை சுற்றினோம். முதல் மேசையில் ஒன்று மிக மலிவு. வெளியே பளபளப்பு, கட்டையில் ஒரு கீறலில்லை. அண்ணாச்சி முதலில் செய்த காரியம், உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்த்தது. கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் இறக்கி, வாயோரத்தில் விரலால் அடையாளம் பிடித்து வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கத்தில் வைத்து அளந்தார். கோலின் நுனி பக்கத் துளை வரை எட்டினால் காலி. எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. எத்தனையோ வருடம் முன்னால் கெட்டித்து மறந்த துப்பாக்கியெல்லாம் இப்படி மேசைக்கு வந்திருக்கிறது. கருமருந்து பழசானதால் செத்துவிடாது.

காலிதான் என்று தெரிந்த பிறகு கோலில் துணி சுற்றி இறுக்கமாக உள்ளே விட்டார். “நீங்களே தள்ளிப் பாருங்க,” என்று என்னிடம் கொடுத்தார். பாதி வரை வழுவழுப்பு. அடிக்குப் போகப் போக முருங்கைப் பட்டையைத் தேய்ப்பதுபோல் சொரசொரப்பு. வெளியே வந்த துணியில் செம்மண் நிறத்தில் துரு. சின்ன விளக்கை உள்ளே போட்டுப் பார்த்தோம். அடியில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். முந்தைய சொந்தக்காரர் சுட்டுவிட்டுக் கழுவாமல் வைத்திருக்கிறார். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை. உப்பாகத் திடக் கழிவாகிறது, அதில் ஒரு பகுதி குழலிலேயே தங்குகிறது. அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓரிரு நாளிலேயே இரும்பைத் தின்னத் தொடங்கும். மேசையில் அதை வைத்துவிட்டு நடந்தோம். கட்டையில் கீறல் இருந்தால் வாங்கலாம், குழலில் குழி இருந்தால் வாங்கக் கூடாது.

நான்காவது மேசையில் இருந்தது ஒரு லைமன் கிரேட் பிளெயின்ஸ் ரைபிள். ஹாக்கனைப் பார்த்து வடித்தது, இத்தாலியில் செய்தது. 50 காலிபர், கேப், 32 அங்குலக் குழல், 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கட்டை சாதாரண வால்நட், இரண்டு இடத்தில் அடிபட்ட வடு. கோல் மேலிருந்து அடிவரை எண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. துணி சாம்பல் நிறமாக வந்தது, துரு இல்லை. குதிரையைப் பாதி ஏற்றி நிறுத்தி விசையை இழுத்துப் பார்த்தார் அண்ணாச்சி. அசையவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு விசை. பின்விசையை இழுத்துத் தயார் செய்தால் முன்விசை இறகு பட்டாலே விழும். எடை நான்கு கிலோவுக்கு மேல். பிடித்து நின்றால் கை தானாக நிதானமாகிறது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. விற்றவர் கட்டையிலிருந்த இரண்டு ஆப்புகளைத் தட்டி எடுத்தார். குழல் அப்படியே கொக்கியிலிருந்து கழன்று கையோடு வந்துவிட்டது. கழுவும்போது குழலை மட்டும் வாளியில் நிறுத்திச் சுடுதண்ணீரை உள்ளே இழுத்துத் தள்ளலாம். நீண்ட ரைபிளில் ஊசி ஊசியாக ஆணியடித்துக் குழலைப் பிணைத்திருப்பார்கள், ஒவ்வொரு முறையும் கழற்ற முடியாது. ஒவ்வொரு தடவை சுட்டதும், அன்றைக்கே, களைத்திருந்தாலும் கழுவியே ஆக வேண்டிய ஆயுதம் இது. கழுவ எளிதான துப்பாக்கியைத்தான் புதியவன் ஒழுங்காகக் கழுவுவான். பர்ஸைத் திறந்தேன்.

மருந்து வாங்கும்போது இன்னொரு விவரம். மருந்தின் பெயரில் ‘எஃப்’ எழுத்து கூடக்கூட மருந்து பொடியாக இருக்கும். 50 காலிபருக்கு இரண்டு எஃப், சிறிய குழலுக்கு மூன்று எஃப், சிக்கிமுக்கிக் கிண்ணிக்கு நான்கு எஃப். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் கேப் துப்பாக்கிக்கு ஆகும். சிக்கிமுக்கிப் பொறிக்கு அவை எளிதில் பற்றாது, அசல் கருமருந்துதான் வேண்டும். இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூட இதில் போடக் கூடாது. குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும்.

மறுநாள் அண்ணாச்சியின் நண்பர் பண்ணையில் முதல் வேட்டு. 50 கிரெய்ன் மருந்து, அதாவது மூன்றேகால் கிராம், புட்டியிலிருந்து அளவுக் குவளையில் ஊற்றி, குவளையிலிருந்து குழலில். புட்டியை நேராகக் குழல் வாயில் சாய்க்கவே கூடாது. உள்ளே ஒரு கங்கு கிடந்தால் புட்டி முழுக்க வெடிக்கும். பிறகு மெத்தைத் துணி வில்லை, எச்சிலால் நனைத்தது. அதன்மேல் குண்டு. கோலால் ஒரே சீராகத் தள்ளி, குண்டு மருந்தின் மேல் அழுந்த உட்காரும் வரை. நடுவில் இடைவெளி இருந்தால் குழலுக்கு ஆபத்து. கேப் மாட்டுவது கடைசியில், குழல் இலக்கைப் பார்த்த பிறகு.

புகை விலகியபோது இருபத்தைந்து கஜத்தில் அட்டையின் ஓரத்தில் ஒரு துளை. இரண்டாவது அதற்குப் பக்கத்தில். மூன்றாவது வெடிக்கவில்லை. “அப்படியே பிடிச்சுக்கிடுங்க, ஒரு நிமிஷம்,” என்றார் அண்ணாச்சி. தாமதித்து வெடிக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் குழலை இலக்கிலேயே வைத்து நின்றேன். எதுவும் நடக்கவில்லை. புதுக் கேப் மாட்டியதும் வெடித்தது. அன்று மாலை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பிட்டோம். ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாது. அதற்குப் பிறகு வாளி, சுடுதண்ணீர், எண்ணெய், ஒரு மணி நேரம்.

அமெரிக்காவில் இருந்துகொண்டு இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1968ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் வாய்வழி கெட்டிக்கும் இந்தப் பழைய பாணித் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் சாதாரணத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் மாநிலங்களின் சட்டம் வேறு வேறு. விசாவில் இருப்பவர்கள் தங்கள் மாநில விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும். இந்தியாவில் நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். ஆசைக்காக ஒன்றை ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணமே கூடாது.

வாங்குவதற்கு முன் உங்கள் பக்கத்துக் கருமருந்துக் குழுவுக்கு ஒரு சனிக்கிழமை போய் நில்லுங்கள். ‘நான் புதியவன், ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். நான் பிரெண்ட்ஷிப்பில் சந்தித்தவர்களில் ஒருவர்கூடத் துப்பாக்கியைக் கொடுத்துக் காட்ட மறுக்கவில்லை. கேப் ஒன்று, சிக்கிமுக்கி ஒன்று, இரண்டையும் சுட்டுப் பாருங்கள். சுட்டு முடித்ததும் அவற்றைக் கழுவிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.